வாந்தி எடுத்த இரவில் எதைக் கொடுப்பது? பாக்கெட் கரைசலில் இருந்து ட்ரிப்ஸ் வரை

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி 11 மணிக்கு என் மகள் முதல் முறை வாந்தி எடுத்தாள். ஏழு வயது. பன்னிரண்டரைக்கு இரண்டாவது தடவை, ஒன்றே காலுக்கு மூன்றாவது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. முகம் மட்டும் வாடிக் கிடந்தது. அதற்குள் சமையல் மேடையில் ஆறு பொருள்கள் வந்து சேர்ந்துவிட்டன. அலமாரியில் இருந்த ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட், மத்தியானம் வாங்கி வைத்த இளநீர், எதிர்வீட்டில் கொடுத்த ஆரஞ்சு நிற டெட்ரா பேக், குளுக்கோஸ் பவுடர் டப்பா, அத்தை தட்டி வைத்த இஞ்சி, மாமாவுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வாந்தி மாத்திரை. என் கணவர் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். "பேசாம கூட்டிட்டுப் போய் ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்திட்டு வந்துருவோம்" என்றார். அத்தைக்கோ விடிந்ததும், வயிற்றில் ஒட்டியதை எடுக்கிறேன் என்று தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எண்ணம்.

அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்புறம் படித்தும் கேட்டும் பார்த்ததில் இந்த ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது ஓரளவு தெளிவானது. அதைத்தான் எழுதுகிறேன். இது லேசான வாந்திக்கு, அதாவது ஆள் தெளிவாகப் பேசுகிறார், இடையிடையே கொஞ்சமாவது உள்ளே தங்குகிறது, சிறுநீர் போகிறது என்கிற நிலைக்கு. அந்த எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரத்தில் படிக்கிறவர்கள் முதலில் அங்கே போய்விடுங்கள்.

டம்ளரா, ஸ்பூனா?

பொருள்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த ராத்திரியில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். மூன்றாவது வாந்தி முடிந்த கையோடு, தாகம் தாகம் என்று அழுத குழந்தைக்கு ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். இரண்டே நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்தது. "இவளுக்கு ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கலை" என்று முடிவு கட்டிவிட்டு, தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்திலேயே சொன்னாள்: "அக்கா, டம்ளரைக் கீழ வை. பத்து நிமிஷம் ஒண்ணும் கொடுக்காத. அப்புறம் டீஸ்பூன் எடு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். செல்லுல டைமர் வச்சுக்கோ."

எரிச்சல் அடைந்திருக்கும் இரைப்பை, திடீரென்று விரிந்தால் உடனே திருப்பித் தள்ளும். ஸ்பூன் அளவு போனால் விரிவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். நீரை உறிஞ்சுவது சிறுகுடல்தான். அங்கே போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் திரும்பி வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டீஸ்பூன் 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 150 மில்லி. ஒரு டம்ளர் முழுசாக உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தம். நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கூட்டினால் 300 மில்லி. பார்ப்பதற்குத்தான் அற்பமாகத் தெரியும். நடுவில் வாந்தி வந்தால் மறுபடி பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

வீட்டில் எந்தக் கரைசல் சிறந்தது என்று நடக்கிற வாதங்களில் பாதி, கொடுத்த வேகத்தால் வந்த வினை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வேகமாகக் கொடுத்தால் மிகச் சரியான கரைசலும் தோற்கும்.

பாக்கெட், வீட்டுக் கரைசல், இளநீர், கஞ்சி

முதலில் பாக்கெட். இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகச் சேர்த்து உள்ளே இழுக்கிற ஒரு வழி உண்டு. இரண்டும் சேர்ந்து நுழையும்போது தண்ணீரும் கூடவே நுழைகிறது. உப்பு மட்டும் இருந்தாலோ சர்க்கரை மட்டும் இருந்தாலோ இந்த வழி சரியாக வேலை செய்யாது. இந்த ஜோடி இழுப்பை ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் 1960-இல் முன்வைத்தார். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த கரைசலைக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அந்தக் கரைசல் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. பயிற்சி இல்லாத சொந்தக்காரர்கள் கையால் நடந்த வேலை அது. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கும்போது இதை நினைத்தால் எனக்குத் தெம்பாக இருக்கிறது.

இன்றைய பாக்கெட் 2002-இல் திருத்தப்பட்ட அளவு. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் இந்த நான்கும் இந்த அளவில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த கம்பெனி ஆனாலும் ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல், கலக்குகிற அளவு. 21 கிராம் அளவுள்ள பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் இருந்து ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண் அளவில் போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, என் வீட்டிலும் இருந்தது. அதை விட்டுவிடுங்கள். கெட்டியாகக் கலந்தால் வாந்தி கூடும், குழந்தைகளுக்கு ரத்தத்தில் உப்பும் ஏறிவிடும். ரொம்ப நீர்த்துப் போனால் பயன் குறையும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். ஒரு லிட்டரில் இருக்கும் 13.5 கிராம் குளுக்கோஸ், மூன்று டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். அதையும் பல மணி நேரத்துக்குப் பிரித்துத்தான் குடிக்கிறோம். லேசான வாந்திக்கு அதனால் ஆபத்து இல்லை. இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில் வீட்டுக் கரைசல். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது. ஆனாலும் அந்த ஜோடி இழுப்புக்குத் தேவையான இரண்டும் இருக்கின்றன. ஒரு ராத்திரியைக் கடத்த இது போதும். சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடிக் குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உப்பு கூடினால்தான் ஆபத்து. குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கல்லுப்பு போட்டால் ஸ்பூன் கணக்கு தப்பும், பொடித்த உப்பையே எடுங்கள்.

இளநீரைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் இருந்தது. நம் ஊரில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போனால் கையில் இளநீர் இருக்கும். அதில் பொட்டாசியம் ஓ.ஆர்.எஸ்.-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். சோடியமோ மிகக் குறைவு. வாந்தியிலும் பேதியிலும் நாம் இழப்பதில் பெரும் பங்கு சோடியம். அதனால் இளநீரை மட்டுமே நாள் முழுக்கக் கொடுப்பது சரியில்லை. ஆனால் வாந்தி அடங்கிய மறுநாள், சாப்பாட்டோடு சேர்த்து, ருசிக்கும் தெம்புக்கும் ஒரு இளநீர் நல்லதுதான். ஓ.ஆர்.எஸ். வாசனையே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு, ஒன்றும் குடிக்காமல் இருப்பதற்கு இளநீர் பத்து மடங்கு மேல். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. ஏறுகிற பொட்டாசியத்தை அவர்களால் வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

கஞ்சிதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. நொய்யைக் குழைய வேகவைத்து, நீர்க்க, உப்புப் போட்டு வடிக்கிற கஞ்சி வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைத்திருந்தேன். அரிசி மாவுச்சத்து குடலுக்குள் போய் மெதுவாகக் குளுக்கோஸாக உடைகிறது. ஒரே நேரத்தில் அவ்வளவு சர்க்கரையும் கொட்டுவதில்லை. காலராவுக்கு அரிசி சேர்த்த கரைசல்கள் நன்றாக வேலை செய்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.-இல் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பேதி குறைந்ததை 2000-இல் அறிவியல் உலகின் முன்னணி இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஆகவே உப்புப் போட்ட நீர்த்த கஞ்சி, பெரியவர்களின் லேசான வாந்திக்கு ஓ.ஆர்.எஸ்.-க்குப் பக்கத்தில் நிற்கக் கூடியது. உப்பை மறந்தால் அந்தத் தகுதி போய்விடும். வாந்தி எடுக்கிற அன்றைக்குப் பழைய சோற்று நீராகாரத்தைவிட அப்போதே கொதித்து ஆறிய கஞ்சியைத்தான் நான் கொடுப்பேன்.

குளுக்கோஸ் பவுடரும் டெட்ரா பேக்கும் சோடாவும்

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம், ஏனென்றால் குறை ஒன்றுதான். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் ஜோடியில் ஒரு பாதிதான் இருக்கிறது. கோலா மாதிரி பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஓ.ஆர்.எஸ்.-இல் இருப்பது 1.35 கிராம். இவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பில் இருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் அதைக் கூட்டிவிடும். சோடா குடித்ததும் வருகிற ஏப்பம் பெரியவர்களுக்கு இதமாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நீரிழப்புக்கான மருந்து ஆகாது.

டெட்ரா பேக் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, மருந்துக்கடை அலமாரியிலேயே பழரசத்தை வைத்து விற்றார்கள். குழந்தை வாந்தி எடுக்கும்போது அவசரத்தில் ஓடிப்போய் வாங்குகிற அப்பா அம்மாவுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பொருள்களும் பானங்களும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. எதிர்வீட்டு அக்கா அன்போடு கொடுத்தது அப்படிப்பட்ட பானம்தான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, கொடுக்காமல் வைத்துவிட்டேன்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கனடாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழப்பு மிகக் குறைவாக இருந்த குழந்தைகளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஆப்பிள் ஜூஸ் நன்றாகவே வேலை செய்தது. பிள்ளைகள் அதை விரும்பிக் குடித்ததும் அதற்குக் காரணம். எனவே வாந்தி லேசாக இருந்து, ஓ.ஆர்.எஸ்.-ஐப் பிள்ளை தொடவே மறுத்தால், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட பழச்சாறு கொடுக்கலாம். பேதி நிறையப் போகிறது என்றால் கூடாது.

இஞ்சி, எலுமிச்சை, ஸ்பிரிட் பஞ்சு

இதுவரை பேசியது இழந்த நீரைப் பற்றி. குமட்டலை அடக்குவது வேறு வேலை. இஞ்சியும் எலுமிச்சையும் அந்தப் பக்கம் சேர்ந்தவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிச் சண்டை தீரும். இஞ்சிச் சாறு கொடுத்துவிட்டோம், ஓ.ஆர்.எஸ். வேண்டாம் என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இஞ்சிக்குக் குமட்டலைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதற்கு, முக்கியமாகக் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வுகளில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. வாந்தியின் எண்ணிக்கையை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை. சாறு பிழிந்து குடித்தால் காரத்திலேயே சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும். ஒரு துண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியபின் வாய் வாயாகக் குடிப்பது மேல். ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை. அத்தை தட்டிய இஞ்சியை அவர்களுக்கே டீயில் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவர்களுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

எலுமிச்சையை முகர்வதற்கு ஒரு சுவாரசியமான உறவுக்காரர் இருக்கிறார். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு. அமெரிக்காவில் 2016-இலும் 2018-இலும் வெளியான ஆய்வுகளில், அவசரப் பிரிவுக்குக் குமட்டலோடு வந்த பெரியவர்கள் ஐசோபுரொபைல் ஆல்கஹால் பஞ்சை மூக்கருகே பிடித்து நிதானமாக மூச்சு இழுத்தபோது சில நிமிடங்களிலேயே குமட்டல் தணிந்தது. 2018 ஆய்வில் அது வாந்தி மாத்திரையை மட்டும் விழுங்கியவர்களைவிட நல்ல பலன் தந்தது. பெரியவர்கள் வீட்டில் முயன்று பார்க்கலாம். குழந்தைகளுக்கு வேண்டாம், அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம்.

மலைப்பாதை வாந்தி வேறு கணக்கு. வால்பாறை போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, மூளை தடுமாறுவதால் வருகிற வாந்தி அது. பேருந்து நிலையத்தில் வாங்குகிற இஞ்சி மொரப்பாவும் மடியில் வைத்த எலுமிச்சையும் கொஞ்சம் உதவும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பதும், செல்போனைப் பைக்குள் போடுவதும் அதைவிட உதவும். மாத்திரை என்றால் அவோமின் போன்ற புரோமெத்தசின் வகையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். ஐந்தாவது வளைவில் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர் போடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கக் கூடாது. சாதாரண வாந்திக்குக் கொடுக்கிற ஒன்டான்செட்ரானும் டாம்பெரிடோனும் மலைப்பாதை வாந்திக்கு அவ்வளவாக வேலை செய்யாது. பலர் அதைத்தான் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள்.

மசக்கையும் வேறு. எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ரெண்டு ரஸ்க், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, இஞ்சி. அதற்குமேல் தேவைப்பட்டால் டாக்ஸிலமின், பி6 சேர்ந்த மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார். தண்ணீர்கூடத் தங்காமல் எடை இறங்கினால், மசக்கை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை

மருந்துக்கடையில் "வாந்திக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்டால் மூன்று வகைகளில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஒன்டான்செட்ரான், டாம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு. மூன்றும் ஒன்றல்ல.

குழந்தைகளின் வாந்திக்கு நல்ல ஆதாரம் உள்ளது ஒன்டான்செட்ரானுக்கு. 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாயில் கரையும் ஒரே ஒரு மாத்திரை கொடுத்த குழந்தைகளில் 14 சதவீதம் பேரே மறுபடி வாந்தி எடுத்தார்கள். மருந்து இல்லாத மாத்திரை வாங்கியவர்களில் அது 35 சதவீதம். ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்குவதற்கு வழி பண்ணிக் கொடுப்பதுதான் இதன் உண்மையான பயன். ஆனால் எடையைப் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடாது. சிலருக்கு பேதி கூடும்.

டாம்பெரிடோன் பல வீடுகளில் மிச்சம் கிடக்கும். இதய ஆபத்தைக் காரணம் காட்டி 2014-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் இதன் அளவையும் நாள்களையும் குறைத்தது. குழந்தைகளுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்றும் பிறகு தெரிந்தது. மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால், சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சில நேரம் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். வலிப்பு என்றோ காற்று கருப்பு என்றோ வீட்டில் பதறிப் போவார்கள். மருத்துவமனையில் ஓர் ஊசியில் சரியாகிற விஷயம் அது. என்ன மாத்திரை கொடுத்தோம் என்று அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான் என்ன முடிவு எடுத்தேன்? மாமாவின் மிச்ச மாத்திரையைக் கொடுக்கவில்லை. ஒருவருக்கு எழுதியதை உடைத்து இன்னொருவருக்குக் கொடுப்பது, அதுவும் பிள்ளைக்கு, எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மணி நேரம் ஸ்பூன் வைத்தியம் செய்தும் தங்கவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை என்று வைத்துக்கொண்டேன். தேவைப்படவில்லை.

தொக்கமும் ட்ரிப்ஸும்

இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. "உடனே ஏதாவது செய்ய வேண்டும்" என்ற தவிப்பில் இருந்துதான் இரண்டுமே பிறக்கின்றன.

சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டது, தொக்கம் விழுந்துவிட்டது என்று சொல்லி, வாயால் உறிஞ்சியோ தொண்டைக்குள் விரல் விட்டோ எடுத்துக் காட்டுவார்கள். ஊருக்கு ஊர் முறை மாறும். திருஷ்டி சுற்றிப் போடுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அத்தை சுற்றினார்கள், நானும் கூட நின்றேன். தொண்டைக்குள் விரல் போவது அப்படியில்லை. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை நீவுவதும் அப்படித்தான். உள்ளே குடல்வால் அழற்சியோ குடல் செருகலோ இருந்தால் நிலைமை மோசமாகும். சாதாரண வாந்தி ஓரிரு நாளில் தானே அடங்கும் என்பதால், போய் வந்தபின் சரியாவதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை நிற்கிறது. அதை அத்தையிடம் வாதாடிச் சொல்லவில்லை. "விடியட்டும் அத்தை, பார்ப்போம்" என்றேன்.

ட்ரிப்ஸ், தேவைப்படும் இடத்தில் உயிர் காக்கும். கண் குழிந்து, மயங்கி, எதுவும் தங்காதவருக்கு அதற்கு மாற்றே இல்லை. லேசான வாந்திக்கு அது என்ன தருகிறது? 500 மில்லி நார்மல் சலைனில் இருப்பது தண்ணீரும் 4.5 கிராம் உப்பும். 500 மில்லி 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, சுமார் இரண்டு இட்லி கொடுக்கும் சக்தி. "பாட்டில் ஏத்துனா தெம்பு வரும்" என்று சொல்கிற தெம்பு அவ்வளவுதான். அதற்கு ஊசி வலி, நரம்பு வீக்கம், பணம், ராத்திரிப் பயணம், மற்ற நோயாளிகளுக்கு நடுவே காத்திருப்பு. குடிக்க முடிகிற பிள்ளைக்கு வாய்வழியே கொடுப்பது இதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. என் கணவரிடம் இதைக் கணக்காகச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. "மூணு மணி வரைக்கும் பார்ப்போம், தங்கலைன்னா கிளம்பிடலாம்" என்று மட்டும் சொன்னேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டு டைமரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

வாந்தியில் ரத்தமோ, காப்பித்தூள் போன்ற கறுப்போ, பச்சை நிறமோ வந்தால் காத்திருக்காதீர்கள். விடாத வயிற்றுவலி, கழுத்து விறைப்போடு தலைவலி, தலையில் அடிபட்டபின் வரும் வாந்தி, எழுப்பினால் சரியாக விழிக்காத குழந்தை, அழுதால் கண்ணீர் வராமை, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, இவை எல்லாமே உடனே கிளம்ப வேண்டியவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ஸ்பூன் கணக்கே வேண்டாம், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே கூட்டிப் போங்கள்.

பெரியவர்களிடம் வியர்த்துக் கொட்டி, நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ அழுத்தத்தோடு வரும் வாந்தியை வாயு என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு இப்படியும் காட்டிக்கொள்ளும். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் தொடர்ந்து வாந்தி எடுத்தால், ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரையைக் கேட்காமல் தொடரவும் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் வாந்தி இன்னொரு எச்சரிக்கை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதி அடையும்போது வாந்தி நிற்காமல் வந்தால் அது உடம்பு காட்டும் அபாயக் குறி. அப்போது ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுக்கவே கூடாது. எலி மருந்துப் பசையோ அரளி விதையோ மண்ணெண்ணெயோ குழந்தை வாயில் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், வாந்தி எடுக்க வைக்காமல், அந்த டப்பாவோடு ஓடுங்கள். எலிப் பசையில் முதல் நாள் வாந்தி நின்று, பிள்ளை தெளிந்தது போலத் தெரியும். ஈரல் அதற்குப் பிறகுதான் கெடும்.

அன்று இரண்டு மணிக்குத் தொடங்கிய ஸ்பூன் நாலரை வரை போனது. நடுவில் ஒரே ஒரு தடவை, இரண்டேகாலுக்கு, கொஞ்சமாக வாந்தி. பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி தொடங்கினோம். மூன்று மணிக்குமேல் நிமிடத்துக்கு ஒன்று. கரைசல் சுமார் அரை லிட்டர் உள்ளே போயிருந்தது. வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தோம். அமிலம் பட்ட பல்லை உடனே தேய்த்தால் எனாமல் தேயும் என்பதால் பிரஷ் கொடுக்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஆறரைக்கு எழுந்து சிறுநீர் போனாள். அத்தை சர்க்கரை தொட்டு ஒரு இட்லி ஊட்டினார்கள். இரண்டாவதைத் தானே எடுத்துக்கொண்டாள்.